எழுதக்கூடாது, ஆனால் வாசிக்கவேணும்: மின்னஞ்சல் வடிவம் திருத்தப்பட்ட கதை

ஒரு சின்ன வேலை செய்து பாருங்க. தமிழில் தலைப்புப் போட்டு உங்களுக்கு வந்த ஏதாவது ஒரு மின்னஞ்சலைத் திறந்து, அதன் மூல வடிவத்தைக் காட்டச் சொல்லுங்க. "நாளைய கூட்டம்" என்று வடிவா இருந்த தலைப்பு அங்கே இருக்காது. ஒரு சமன் குறி, ஒரு கேள்விக்குறி, பிறகு வாசிக்கவே ஏலாத ஆங்கில எழுத்துகளும் இலக்கங்களும், கடைசியில் திரும்பவும் கேள்விக்குறி, சமன் குறி. முதல்தரம் பார்த்தபோது மெயில் பழுதாகிப்போச்சு என்றுதான் நான் நினைச்சன்.

அது பழுது இல்லை. எங்கட தமிழ் எழுத்து ஆங்கில எழுத்து வேசம் போட்டுத்தான் பயணம் செய்ய வேண்டியிருந்தது. ஏன் என்று தேடிக்கொண்டு போனால் 1970களின் அமெரிக்காவுக்குப் போய்ச் சேர வேண்டியிருக்கு. மின்னஞ்சல் எப்படி எழுதப்பட வேண்டும் என்ற நியமம் 1977இல் இருந்து பல தரம் திருத்தப்பட்டது. ஒவ்வொரு தரமும் திருத்தியவர்களுக்கு முன்னால் ஒரே கேள்விதான் இருந்தது: புதுசாக ஒன்றைக் கொண்டுவரும்போது, ஏற்கனவே எழுதப்பட்ட கடிதங்களையும் ஏற்கனவே ஓடிக்கொண்டிருக்கிற மென்பொருட்களையும் என்ன செய்வது? அவர்கள் சொன்ன பதிலைப் பற்றியும், அந்தப் பதிலுக்கு யார் விலை கொடுத்தார்கள் என்பதைப் பற்றியும்தான் இந்தக் கட்டுரை.

நியமம் இல்லாத காலம்

1971இல் ரே டொம்லின்சன் என்ற பொறியியலாளர், அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரில் இருந்த பிபிஎன் நிறுவனத்தில், ஆர்ப்பாநெட் வலையமைப்பு வழியாக ஒரு கணினியில் இருந்து இன்னொரு கணினிக்குச் செய்தி அனுப்பினார். இரண்டு கணினியும் ஒரே அறைக்குள் பக்கத்தில் பக்கத்தில்தான் இருந்தன. ஆளின் பெயரையும் கணினியின் பெயரையும் பிரிக்க அவர் @ குறியைத் தெரிவு செய்தார்.

அந்த நேரம் கடிதத்துக்கு என்று பொதுவான வடிவம் இல்லை. யார் அனுப்பியது, எந்தத் திகதி, எதைப் பற்றியது என்ற விபரங்களை ஒவ்வொரு கணினியும் தன்ர பாட்டுக்கு எழுதியது. மனிதருக்கு அது பெரிய பிரச்சினை இல்லை, எப்படி எழுதினாலும் விளங்கும். ஆனால் கடிதங்களை வரிசைப்படுத்தவும் பதில் அனுப்பவும் நிரல்கள் வந்த பிறகு, நிரலுக்கும் விளங்க வேண்டியிருந்தது. 1973இல் ஆர்.எஃப்.சி 561 என்ற ஆவணம் வந்தது. இணையத்தின் நியமங்களும் முன்மொழிவுகளும் வெளியாகிற இலக்கமிட்ட ஆவண வரிசையின் பெயர்தான் ஆர்.எஃப்.சி. அனுப்புநர், திகதி, விடயம் என்று தலைப்பகுதியில் வரிகள் இருக்க வேண்டும் என்று அது கேட்டுக்கொண்டது. 1977 நவம்பரில் டேவ் குரோக்கர், ஜோன் விட்டல், கென் போக்ரன், ஒஸ்டின் ஹென்டர்சன் ஆகிய நாலு பேர் ஆர்.எஃப்.சி 733ஐ எழுதினார்கள். இன்று நாங்கள் பாவிக்கிற வடிவத்தின் நேரடிப் பாட்டன் அதுதான்.

அந்த 733இலேயே பழசோடு ஒத்துப்போகிற வேலை தொடங்கிவிட்டது. மல்ரிக்ஸ் என்ற கணினி முறைமையில் @ குறியை அழுத்தினால் அதுவரை எழுதிய வரி முழுதும் அழிந்துவிடும். அந்த முறைமையில் இருந்தவர்களுக்கு டொம்லின்சனின் முகவரியைத் தட்டச்சுச் செய்வதே தொல்லை. அதனால் 733, @ குறிக்குப் பதிலாக "அற்" என்ற ஆங்கிலச் சொல்லை இடைவெளி விட்டு எழுதவும் அனுமதித்தது. ஒரு விடயத்தை எழுத இரண்டு வழி. அடுத்த திருத்தத்தில் அந்தச் சொல்லை எடுத்துவிட்டார்கள், @ மட்டும் மிஞ்சியது. பாவனையாளர்கள் கொஞ்சப் பேராக இருந்தபடியால் அப்படி எடுக்க முடிந்தது.

1982: கதவு பூட்டுப்பட்ட ஆண்டு

1982 ஓகஸ்ட்டில் டேவ் குரோக்கர் 733ஐத் திருத்தி ஆர்.எஃப்.சி 822ஐ வெளியிட்டார். அதே மாதம் ஜோன் பொஸ்டல், கடிதத்தைக் கணினிக்குக் கணினி கொண்டுபோகிற எஸ்எம்டிபி நெறிமுறையை ஆர்.எஃப்.சி 821 ஆக வெளியிட்டார். ஒன்று கடிதம் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்கிறது, மற்றது தபால்காரன் எப்படி நடக்க வேண்டும் என்று சொல்கிறது.

822 தாராளமான ஆவணம். முகவரியின் நடுவிலேயே அடைப்புக்குறிக்குள் கருத்து எழுதலாம். குத்துச்சண்டை வீரர் முகம்மது அலியின் பெயரில் ஒரு கற்பனை முகவரியை எழுதி, அதன் இடையில் அவருடைய வழக்கமான பெருமைப் பேச்சையும் செருகி, இதுவும் செல்லுபடியான முகவரிதான் என்று எடுத்துக்காட்டுக் கொடுத்திருக்கிறார்கள். கடிதம் போகவேண்டிய வழியை முகவரிக்குள்ளேயே எழுதலாம். ஆண்டை இரண்டு இலக்கத்தில் எழுதலாம்.

இவ்வளவு தாராளத்துக்கு நடுவில் ஒரு இறுக்கம். எழுத்துகள் எல்லாம் ஆஸ்கி குறியீட்டுக்குள் இருக்க வேண்டும். ஆஸ்கி 7 பிட் அளவானது, அதில் மொத்தம் 128 இடம். ஆங்கில எழுத்துகள், இலக்கங்கள், நிறுத்தக்குறிகள், சில கட்டுப்பாட்டுக் குறிகள், அவ்வளவுதான். தபால்கார நெறிமுறையும் 7 பிட்டைத்தான் பொறுப்பேற்றது. எட்டாவது பிட்டோடு எதையாவது அனுப்பினால், வழியில் இருக்கிற சில சேர்வர்கள் அந்தப் பிட்டை வெட்டிப்போட்டு மிச்சத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தன. பிரெஞ்சு எழுத்தின் மேல் வருகிற சின்னக் கோட்டுக்கே இடமில்லாத வீட்டில் தமிழுக்கு எங்கே இடம்?

1983 ஜனவரி 1 அன்று ஆர்ப்பாநெட் தன்னுடைய அடிப்படை நெறிமுறையையே ஒரே நாளில் மாற்றியது. பழைய என்சிபி போய், டிசிபி/ஐபி வந்தது. சில நூறு கணினிகள்தான் இருந்தன, அதனால் எல்லாருக்கும் ஒரே நாளைக் குறித்துக் கொடுக்க முடிந்தது. மின்னஞ்சல் வடிவத்துக்கு அப்படி ஒரு நாள் வரவே இல்லை. 822 வெளிவந்த பிறகு பல்கலைக்கழகங்கள், கம்பனிகள், நாடுகள் என்று அது பரவிக்கொண்டே போனது. நாளையில் இருந்து எல்லாரும் மாறுங்கோ என்று சொல்ல ஒரு அதிகாரி இல்லை. சொன்னாலும் கேட்கப் போறவர்கள் யார் என்றே தெரியாது.

சுத்தமாகக் கட்டிய வீடு

அப்ப, பழசை விட்டுவிட்டு முழுசாகப் புதிதாக ஒன்றைக் கட்டியிருக்கலாமே? கட்டினார்கள். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் கீழ் இருந்த சிசிஐடிடி என்ற அமைப்பு 1984இல் எக்ஸ்.400 என்ற மின்னஞ்சல் நியமங்களை வெளியிட்டது. கடிதத்துக்குள் பல வகையான உள்ளடக்கங்களை வைக்கலாம், கடிதம் போய்ச் சேர்ந்ததா என்று அத்தாட்சி பெறலாம். பல அரசாங்கங்களும் தொலைபேசி நிர்வாகங்களும் அதன் பக்கம் நின்றன.

ஆனால் அதன் முகவரி நாடு, நிர்வாகம், நிறுவனம், குடும்பப் பெயர், சொந்தப் பெயர் என்று தனித்தனியாக எழுத வேண்டிய நீளமான சங்கிலி. அதைவிட முக்கியமானது, 1988இல் அதைத் திருத்தியபோது நடந்தது. புதிய பதிப்பில் எழுதிய கடிதத்தைப் பழைய பதிப்பு முறைமைக்கு அனுப்புவதற்கு, அதைத் தரம் இறக்கி மாற்றிக்கொடுக்க வேண்டியிருந்தது. அதை எப்படிச் செய்வது என்று விளக்கத் தனி ஆவணமே எழுதினார்கள். எக்ஸ்.400 தோற்றதுக்கு வேறு பல காரணங்களும் இருக்கு, செலவு, சிக்கல், இணையத்தின் வேகம் எல்லாம் சேர்ந்துதான். ஆனாலும் பழைய, குறைபாடுள்ள 822ஐ வைத்திருந்தவர்கள் தங்கட கடிதங்கள் நாளைக்கும் போய்ச் சேரும் என்று நம்பினார்கள். அந்த நம்பிக்கை வீண்போகவில்லை.

1992: பழைய உறைக்குள் புதிய கடிதம்

படமும் குரலும் வேற்று மொழியும் அனுப்ப வேணும், ஆனால் 822ஐத் தொடக்கூடாது. இந்தச் சிக்கலுக்கு நதானியல் போரன்ஸ்டைன், நெட் ஃப்ரீட் என்ற இரண்டு பேர் 1992 ஜூனில் கண்ட தீர்வுதான் மைம். இன்று நாங்கள் மெயிலோடு இணைத்து அனுப்புகிற ஒவ்வொரு பிடிஎஃப்பும் அதன் தயவில்தான் போகிறது.

அவர்கள் செய்த தந்திரம் இது. தெரியாத தலைப்பு வரி ஒன்று வந்தால் அதைக் கண்டுகொள்ளாமல் விடுவதுதான் பழைய மென்பொருட்களின் பழக்கம். அதனால் "இது என்ன வகை உள்ளடக்கம்" என்று சொல்கிற புதிய வரிகளைத் தலைப்பகுதியில் சேர்த்தார்கள். படத்தைச் சாதாரண ஆஸ்கி எழுத்துகளாக மாற்றி, கடிதத்தின் உடலுக்குள் வைத்தார்கள். மூன்று பைட்டை நாலு எழுத்தாக மாற்றுகிற முறை அது, பேஸ்64 என்று பெயர். கொப்பு மூன்றில் ஒரு பங்கு பெருக்கும், ஆனால் 7 பிட் தபால்காரன் கையிலும் சேதமில்லாமல் போகும். பழைய மென்பொருள் அந்தக் கடிதத்தைத் திறந்தால் படத்துக்குப் பதிலாக விளங்காத எழுத்துக் குவியல் தெரியும். ஆனால் மென்பொருள் விழாது, எழுதியிருக்கிற செய்தியை வாசிக்கலாம். கடிதத்தைச் சாதாரண எழுத்தாகவும் அலங்கார வடிவாகவும் இரண்டு தரம் அனுப்பும்போது சாதாரண வடிவத்தை முதலில் வைக்கச் சொன்னதும் இதற்காகத்தான். பழைய மென்பொருளில் வாசிக்கிற ஆளுக்கு முதலில் கண்ணில் படுவது வாசிக்கக்கூடியதாக இருக்க வேணும்.

1993இல் தபால்காரனுக்கும் இதே மாதிரி ஒரு மரியாதையான வழி கண்டுபிடித்தார்கள். புதிய சேர்வர் பேசத் தொடங்கும்போது ஒரு புதிய வணக்கம் சொல்லும். மற்றப் பக்கம் இருப்பது பழைய சேர்வர் என்றால், விளங்கவில்லை என்று பதில் வரும். உடனே பழைய வணக்கத்தைச் சொல்லிப் பழைய மாதிரியே கதைக்கத் தொடங்கும். ஊரில் வயசான ஆக்களோடு கதைக்கும்போது நாங்கள் செய்யிறதும் இதுதானே.

2001: வழக்கொழிந்ததற்கு ஒரு அத்தியாயம்

வரலாறு படிக்கிற ஆளாக எனக்கு மிகவும் பிடித்தது 2001 ஏப்ரலில் வந்த ஆர்.எஃப்.சி 2822. பீட் ரெஸ்னிக் பதிப்பித்தது. 19 வருடத்துக்குப் பிறகு 822க்கு மாற்றாக வந்த ஆவணம். அதில் இரண்டு இலக்கணம் இருக்கு. மூன்றாம் பகுதியில் இறுக்கமான, சுத்தமான இலக்கணம்: இனிமேல் கடிதம் எழுதுகிற மென்பொருள் இதன்படி மட்டும் எழுத வேண்டும். நாலாம் பகுதியில் வழக்கொழிந்த இலக்கணம்: இதன்படி யாரும் எழுதக்கூடாது, ஆனால் இப்படி எழுதிய கடிதம் வந்தால் கட்டாயம் வாசிக்கவேணும். எழுதுகிறவருக்கு ஒரு சட்டம், வாசிக்கிறவருக்கு இன்னொரு சட்டம்.

அந்த நாலாம் பகுதியை ஒரு ஆவணக் காப்பகம் மாதிரி வாசிக்கலாம். ஆண்டு இரண்டு இலக்கத்தில் இருந்து, அது 00இல் இருந்து 49க்குள் என்றால் 2000ஐக் கூட்டு. 50இல் இருந்து 99க்குள் என்றால் 1900ஐக் கூட்டு. மூன்று இலக்கமாக வந்தாலும் 1900ஐக் கூட்டு. மூன்று இலக்க ஆண்டு எங்கேயிருந்து வரும் என்று யோசித்தால் சிரிப்பு வரும். 99க்குப் பிறகு 100 என்று எழுதிய நிரல்களின் கடிதம் அது. 100 என்றால் 2000ஆம் ஆண்டு. பிழையாக எழுதியவனைத் திட்டாமல், அவன் என்ன சொல்ல வந்தான் என்று விளங்கிக்கொள்ளச் சொல்கிறது நியமம்.

இன்னொன்று நேர வலயம். படைத்துறையில் நேர வலயங்களை ஒற்றை எழுத்தால் குறிப்பார்கள். 822 அந்த முறையை அனுமதித்தது, ஆனால் கூட்டல் கழித்தல் குறிகளை மாற்றி அச்சிட்டுவிட்டது. சிலர் 822இல் உள்ளபடி எழுதினார்கள், சிலர் உண்மையான முறைப்படி எழுதினார்கள். 2001இல் இரண்டில் எது என்று யாராலும் சொல்ல ஏலாது. எனவே அந்த எழுத்துகளைக் கண்டால், வலயம் தெரியாது என்று எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். எல்லாப் பழசையும் காப்பாற்ற முடியாது, சில தகவல்கள் தொலைந்தே போய்விட்டன என்று நேர்மையாக ஒத்துக்கொண்ட இடம் இது.

எண்ணால் எழுதிய வலயங்கள் அப்படித் தொலையவில்லை. இலங்கையின் நேரம் 1996 மேயில் ஐந்தரை மணியில் இருந்து ஆறரைக்குப் போனது, அதே வருடம் ஒக்டோபரில் ஆறுக்கு வந்தது, 2006 ஏப்ரலில் திரும்ப ஐந்தரைக்கு வந்தது. 2000ஆம் ஆண்டு இங்கே இருந்து அனுப்பிய கடிதத்தில் வித்தியாசம் +0600 என்று சரியாக எழுதியிருந்தால், இன்று திறந்தாலும் அது அனுப்பப்பட்ட நேரத்தைப் பிழையில்லாமல் கணக்கிடலாம்.

எங்களுக்குக் கொஞ்சம் நெருக்கமான ஒன்றும் அந்தப் பகுதியில் இருக்கு: பெயரில் வருகிற புள்ளி. 822இன்படி, அனுப்புநரின் பெயரை மேற்கோள் குறிக்குள் போடாமல் எழுதினால் அதில் புள்ளி வரக்கூடாது. இனிசல் போட்டுப் பெயர் எழுதுகிற ஆள் எல்லாம் சட்டத்தை மீறினவர்தான்! சனம் எப்படியும் புள்ளி வைத்து எழுதியது. 2822 அதை ஏற்றுக்கொள்ளச் சொன்னது, ஆனால் எழுத அனுமதி கொடுக்கவில்லை. 2008 ஒக்டோபரில் ஆர்.எஃப்.சி 5322 ஆகத் திரும்பத் திருத்தியபோதும் இந்த இரட்டை இலக்கணத்தை அப்படியே வைத்திருந்தார்கள்.

இந்த மனப்பான்மைக்கு மூலம் ஜோன் பொஸ்டல் 1980இல் எழுதிவைத்த ஒரு கொள்கை. அனுப்பும்போது கவனமாக இரு, வாங்கும்போது தாராளமாக இரு என்பது அதன் கருத்து. இன்று அதற்கு எதிர்ப்பும் உண்டு. எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டால் பிழையாக எழுதுகிறவர்கள் திருந்தவே மாட்டார்கள். ஒரே கடிதத்தை இரண்டு மென்பொருட்கள் இரண்டு விதமாக விளங்கிக்கொள்ளும். அந்த இடைவெளிக்குள் ஏமாற்றுக்காரர் புகுந்துவிடுவார்கள். 2023இல் வந்த ஆர்.எஃப்.சி 9413 இந்தக் கொள்கையைக் கேள்விக்கு உட்படுத்துகிறது. எதிர்ப்பில் நியாயம் இருக்கு. ஆனால் அந்தக் கொள்கை இல்லாவிட்டால் 1985இல் எழுதிய கடிதம் ஒன்றை இன்றைய மென்பொருளில் திறக்க முடிந்திருக்குமா என்பதும் நியாயமான கேள்விதான்.

விலை கொடுத்தது யார்

இப்ப, தொடங்கின இடத்துக்கு வருவோம். தலைப்பு வரியில் தமிழ் எழுதும் வழி மைமோடு சேர்ந்தே வந்தது. எந்தக் குறியீட்டு முறை, எப்படி மாற்றியது என்று சொல்லி, சமன் குறிகளுக்கும் கேள்விக்குறிகளுக்கும் நடுவில் ஆஸ்கி எழுத்துகளாக அடைப்பது. பழைய மென்பொருளுக்கு அது வெறும் அர்த்தமில்லாத ஆங்கிலச் சொல், எனவே ஒன்றும் உடையாது. ஆனால் இப்படி அடைக்கிற ஒரு துண்டு 75 எழுத்துக்கு மேல் போகக்கூடாது. யூடிஎஃப்-8இல் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு 3 பைட் வேணும், பேஸ்64க்கு மாற்றினால் 4 எழுத்து. முன்னும் பின்னும் போடுகிற அடையாளங்களுக்கு 12 எழுத்துப் போனால், ஒரு துண்டுக்குள் 15 தமிழ்க் குறியீடுதான் போகும். "வணக்கம்" என்ற சொல்லுக்கே, மேலே வைக்கிற புள்ளியையும் சேர்த்து எண்ணினால், 7 குறியீடு. இரண்டு தரம் வணக்கம் சொன்னால் துண்டு முடிஞ்சுது. ஆங்கிலத்தில் எழுதுகிறவருக்கு இந்தக் கணக்கு ஒன்றுமே இல்லை.

முகவரியில் இது இன்னும் கடுமை. @ குறிக்கு வலப் பக்கம் இருக்கிற தளப் பெயரை ஆஸ்கி வேசத்தில் மறைக்க 2003இல் வழி செய்தார்கள். 2010இல் .இலங்கை என்ற தமிழ் உயர்நிலைப் பெயரும் நடைமுறைக்கு வந்தது. இடப் பக்கம், அதாவது ஆளின் பெயர், அப்படி மறைக்க ஏலாதது. அதன் பொருள் என்ன என்று தீர்மானிக்கும் உரிமை வாங்குகிற சேர்வருக்கு மட்டும்தான் உண்டு, வழியில் இருப்பவர்கள் அதில் கை வைக்கக்கூடாது என்பது பழைய விதி.

2007, 2008இல் ஒரு பரிசோதனை செய்து பார்த்தார்கள். தமிழ் மாதிரி எழுத்தில் முகவரி இருக்கிற கடிதம் வழியில் ஒரு பழைய சேர்வரைச் சந்தித்தால், அதை ஆஸ்கி முகவரிக்குத் தரம் இறக்கி அனுப்புவது. எக்ஸ்.400 பட்ட அதே பாடு! அது மிகவும் சிக்கலாக இருந்தது. 2012 பெப்ரவரியில் நியமமாக வெளியான ஆர்.எஃப்.சி 6530 முதல் 6533 வரையான ஆவணங்களில் அந்த வழியைக் கைவிட்டார்கள். தலைப்பகுதியில் நேரடியாக யூடிஎஃப்-8 எழுதலாம், முகவரியையும் தமிழிலேயே எழுதலாம். ஆனால் வழியில் ஒரு பழைய சேர்வர் வந்தால் அந்தக் கடிதம் வேசம் மாற்றாது, திரும்பி வந்துவிடும். 6532ஐ எழுதிய மூன்று பேரில் ஒருவர் நெட் ஃப்ரீட். 1992இல் எதையும் உடைக்காமல் எல்லாவற்றையும் ஒளித்து அனுப்ப வழி கண்ட அதே ஆள், 20 வருடத்துக்குப் பிறகு, இதற்கு மேல் ஒளிக்க முடியாது என்ற ஆவணத்திலும் கையெழுத்து வைத்தார்.

பழசை உடைக்காமல் திருத்துவது நல்ல அறம் என்றுதான் இதையெல்லாம் வாசித்த பிறகும் நான் நினைக்கிறன். மின்னஞ்சல் இன்றைக்கும் எந்த ஒரு கம்பனிக்கும் சொந்தமில்லாமல் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் அந்த அறத்தின் செலவு எல்லார் தலையிலும் சமமாக விழவில்லை. முதலில் வந்தவர்கள் தங்கட எழுத்தை வைத்து வீட்டைக் கட்டினார்கள், பிறகு வந்தவர்களிடம் வாசலுக்கு ஏற்றபடி குனிந்து வரச் சொன்னார்கள். 1982இல் யாரும் தமிழை வெளியில் விட வேணும் என்று திட்டம் போடவில்லை. ஆனால் ஒருதரம் பரவிய பிறகு, திட்டமிட்டதற்கும் திட்டமிடாததற்கும் விளைவில் வித்தியாசம் இல்லை.

2012க்குப் பிறகு நியமத்தின் பக்கம் கதவு திறந்துதான் கிடக்கு. தமிழ் முகவரியில் இருந்து வருகிற கடிதத்தைத் திருப்பி அனுப்பாமல் வாங்கிக்கொள்ள, ஒவ்வொரு அலுவலகத்திலும் ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் சேர்வரைப் பார்க்கிற ஆக்கள் புதிய மென்பொருளைப் போட்டு அந்த வசதியை இயக்க வேணும். ஜிமெயில் 2014இலேயே அதைச் செய்துவிட்டது. மற்றவர்களிடம் கேட்க வேண்டியது நாங்கள்தான். கேட்கிற ஆள் இல்லாத வசதியை யாரும் இயக்கமாட்டார்கள். தமிழில் எழுதுகிற எங்களை விட்டால் தமிழ் முகவரியைக் கேட்க வேறு யாரும் வரப்போவதும் இல்லை.